கட்டிலைக் கேட்டு வந்தவன்

எங்கள் எஸ்டேட் லயத்தில் வரிசையாகப் பத்து வீடு. எட்டில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். தமிழ் பேசும் வீடு இரண்டுதான். ஒன்று எங்களுடையது. இன்னொன்றில் இருக்கும் அம்மாவுக்குக் காது கேட்காது.

வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை வீடு. அறுபது தாண்டியவர்களுக்கு வருஷா வருஷம் ஆபிஸில் ஒரு கடிதம் கொடுப்பார்கள். கடிதம் வந்தால் இன்னொரு வருஷம் வேலை, இன்னொரு வருஷம் வீடு. இது நடந்தபோது எனக்கு இரண்டு கடிதம் வந்திருந்தது. தேயிலை ஃபேக்டரியில் சலிக்கிற பக்கம் வேலை.

என் வீட்டுக்காரர் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லோரி ஓட்டினவர். ஒரு நாள் காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் பாதி போய்விட்டது. ஒரு நேரத்துக்கு இரண்டு வார்த்தை வரும். அதற்கு மேல் வராது.

தட்டையாகப் படுக்க வைத்தால் கஞ்சி நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு தடவை இறங்கியும் விட்டது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு ஒரு சீனர் வீட்டில் அப்பா இறந்து, அவருடைய கட்டிலை விற்றார்கள். கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும். இருந்த சங்கிலியை விற்று அதை வாங்கினேன். அறைக்குள் நுழையவில்லை. முன்னால் ஹாலிலேயே போட்டோம். கதவைத் திறந்தால் கட்டில்.

பகலில் கதவைப் பூட்டுவதில்லை. எதிர்வீட்டு நேப்பாளிக்கு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். காலை பத்து மணிக்கு ஒரு தடவை வந்து இவரைப் புரட்டிப் போட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவான். காசு கேட்டதில்லை. சனிக்கிழமை சோறு கொடுப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த மலாயில் பேசிக்கொள்வோம்.

கடன் எங்களுடையது இல்லை. என் கொழுந்தன் கம்போங் ராஜாவில் காய்கறி வியாபாரம் செய்தான். லோரி வாங்க ஒரு கடன் கம்பெனியில் பணம் எடுத்தான். இவர் விழுவதற்கு முன்னால், ஜாமீன் கையெழுத்துக்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் வந்தான். இவர் கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டார். தம்பி நீட்டிய காகிதம். போட்டுக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் வியாபாரம் படுத்தது. லோரியைக் கடன் கம்பெனி இழுத்துக்கொண்டது. விற்றும் பாக்கி தீரவில்லை. கொழுந்தன் போனை அடைத்துவிட்டான். எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை தெரியாது.

கடனை வசூல் பண்ணுகிறவன் முதல் முறை வந்தது ஒரு சனிக்கிழமை மதியம். முப்பது வயது இருக்கும். தமிழ்ப் பையன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, கையில் கறுப்பு ஃபைல். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். ஃபைலைப் பார்த்தேன். ஒதுங்கி நின்றேன்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஃபைலோடு வருகிறவர் ஆபிஸில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருப்பார். லயத்தை செக் பண்ண வருவார். சாக்கடை அடைத்திருக்கிறதா, வேலைக்கு வராதவன் வீட்டில் படுத்திருக்கிறானா, பதிவில் இல்லாத ஆள் தங்கியிருக்கிறானா என்று பார்ப்பார். கதவைத் தட்ட மாட்டார். வீடு கம்பெனியுடையது. நாங்கள் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவோம். என் அம்மாவும் அப்படித்தான் நின்றாள். இப்போது கிராணி அப்படி வருவதில்லை. கால் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

அவன் ஷூவோடு உள்ளே வந்தான். கழற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கிராணி ஷூவோடுதான் வருவார்.

"வணக்கம்க்கா. ஐயா எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"வெயில்லயே வந்தேன். ஒரு டீ கிடைக்குமா?"

போட்டுக் கொடுத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டீயைக் குடித்துவிட்டு, "எஸ்டேட் டீ எஸ்டேட் டீதான்க்கா. எங்க வீட்டுல தண்ணி மாதிரி இருக்கும். நானும் லயத்துப் பிள்ளைதான், பீடோர் பக்கம்" என்றான்.

பிறகு ஃபைலைத் திறந்தான். கையெழுத்தைக் காட்டினான். இவருடையதுதான்.

"அவரு தம்பிகிட்ட கேளுங்க தம்பி. நாங்க வாங்கல."

"தம்பி எங்க இருக்காருன்னு சொல்லுங்க. இப்பவே போறேன்."

"தெரியாது."

"பாத்தீங்களா. எனக்கும் தெரியாது. உங்க வீடு தெரியும்."

அதற்குப் பிறகு நாலு மாசம் என்னால் முடிந்ததை அவனிடம் கொடுத்தேன். ரசீது தரவில்லை. நானும் கேட்கவில்லை. அதைக் கணக்கில் சேர்த்தானா என்று அப்போது தெரியாது. பின்னால் தெரிந்தது. சேர்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருக்கும்போது வந்திருக்கிறான். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். இவர் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

"யாரு வந்தா?"

"அவன்."

"எவ்வளவு நேரம்?"

கஞ்சி கொடுக்கக் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றப் போனேன். கால்மாட்டில் விரிப்பின் மேல் சிவப்பு மண். ஷூ மண். இவர் காலுக்குப் பக்கத்தில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறான். விரிப்பை உருவித் துவைத்தேன். அன்று மழை. காயவில்லை. அடுத்த நாளும் காயவில்லை.

கதவைப் பூட்டலாம் என்று நினைத்தேன். பூட்டினால் நேப்பாளி எப்படி வருவான்? சாவியை அவனிடம் கொடுத்தால் ஏன் என்று கேட்பான். சொன்னால் ஃபேக்டரி முழுக்கத் தெரியும். ஃபேக்டரிக்குத் தெரிந்தால் ஆபிஸுக்குத் தெரியும். லயத்தில் சூசா, தொல்லை வேண்டாம் என்று ஆபிஸ் நினைத்தால் மூன்றாவது கடிதம் வராது. அப்புறம் இவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? முன்னால் ஒரே ரோடு. ஒரு பக்கம் ஆபிஸ், ஒரு பக்கம் கேட். பின்கதவைத் திறந்தால் மண் சுவர். அதற்கு மேல் தேயிலை.

கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகா அவனை எப்படி உள்ளே விடுகிறார் என்றும் யோசித்தேன். புத்தகத்தில் பெயர் எழுதி, வந்த காடியின் நம்பர் எழுதி, தடையைத் தூக்கிவிடுவார். யாருக்கும் அப்படித்தான். ஆனால் என் புத்திக்கு வேறு மாதிரி பட்டது. கேட் விட்டுவிட்டது, அப்படியென்றால் கம்பெனி விட்டுவிட்டது. கம்பெனி விட்ட ஆளை நான் எப்படி நிறுத்துவது?

மறுபடி சனிக்கிழமை வந்தான். இந்த முறை டீ கேட்கவில்லை. ஒரு ஃபாரம் எடுத்து வீட்டிலிருந்த சாமான்களை எழுத ஆரம்பித்தான். டிவி, ஐஸ்பெட்டி, துணி துவைக்கிற மெஷின், கட்டில்.

"கட்டில் எதுக்கு எழுதுறீங்க?"

"இது சாதாக் கட்டில் இல்லக்கா. ஆஸ்பத்திரிக் கட்டில். நல்ல விலை போகும்."

"அவரு அதுலதான் படுத்திருக்காரு."

"நான் என்ன மனுஷனையா எழுதினேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். இவரைப் பார்த்து, "ஐயா, நீங்க லிஸ்ட்ல இல்ல, பயப்படாதீங்க லா" என்றான். இவர் இடது கையால் போர்வையை மார்புக்கு இழுத்துக்கொண்டார்.

அன்று டிவியை எடுத்துக்கொண்டான். பிளக்கை நானே கழற்றிக் கொடுத்தேன். வயரைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தேன். காடி வரை போனவனைக் கூப்பிட்டு ரிமோட்டையும் கொடுத்தேன். அது இல்லாமல் அந்த டிவி சேனல் மாறாது.

"அடுத்த வெள்ளி ரெண்டு மணிக்கு வேனோட வர்றேன். ஐயாவுக்கு ஒரு பாய் விரிச்சு வச்சுருங்க" என்றான்.

ஆறு நாள் இருந்தது. இவர் டிவி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். எனக்கு ஒரே யோசனைதான் வந்தது. கட்டிலை ஒளித்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் வேறு இடத்தில் வைத்துவிட்டு, அவன் போனதும் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவன் மறுநாள் வருவானே என்று தோன்றவில்லை. அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஞாயிறு ரிங்லெட் டவுனுக்குப் போனேன். இவருக்குப் பேம்பர்ஸ் வாங்க மாசத்துக்கு இரண்டு தடவை போவேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஒரு பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு வேன் உண்டு. சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்.

"வாம்மா. ஐயா எப்படி? டீயா, ரொட்டியா?"

"வேன் வேணும் பாய். வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை தொழுகை இருக்கே. என்ன ஏத்தணும்?"

"கட்டில்."

"புதுசா வாங்குறியா?"

"இல்ல. வீட்டுல உள்ளது."

"வீட்டுல உள்ளத எங்க கொண்டு போற?"

"உங்க கடைக்குப் பின்னால வைக்கலாமா? ஒரு நாளைக்கு."

பாய் ரொட்டி போடுகிற கல்லிலிருந்து கையை எடுத்தார். துண்டில் துடைத்தார். என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"யாரு வர்றா?" என்றார்.

நான் சொன்னேன். முழுதும் சொல்ல ரொம்ப நேரம் ஆகவில்லை. யாரிடமும் அதுவரை சொல்லாதது. சொல்லி முடித்ததும் டீ ஆறியிருந்தது.

"டிவிய எடுத்துட்டுப் போனானா?"

"ம்."

"நீ குடுத்தியா?"

"பிளக்கைக் கழட்டிக் குடுத்தேன்."

"அட மடச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அவன் காட்டின பேப்பர்ல கோர்ட்டு முத்திரை இருந்துச்சா?"

"கம்பெனி பேரு இருந்துச்சு."

"கோர்ட்டு முத்திரை இல்லாத பேப்பர் எங்கிட்ட நிறைய இருக்கு. ரொட்டி சுத்துறதுக்கு."

அவர் கடையிலும் முன்பு ஒரு முறை இப்படி வந்தார்களாம். ஃபிரிட்ஜைத் தூக்கப் பார்த்தார்களாம். பாய் போலீஸுக்குப் போயிருக்கிறார். பிறகு தாப்பாவில் சட்ட உதவி கொடுக்கிற ஆபிஸுக்கும் போயிருக்கிறார். அங்கே சொன்னதை எனக்குச் சொன்னார். கடன் கடன்தான், அது இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வசூல் பண்ணுகிறவன் கேட்கத்தான் முடியும். வீட்டுக்குள் வர உரிமை இல்லை. சாமானைத் தொட உரிமை இல்லை. எடுக்க வேண்டுமானால் வழக்குப் போட்டு, ஜெயித்து, கோர்ட்டு ஆள் உத்தரவோடு வரவேண்டும்.

"வீடு எங்களோடது இல்லியே பாய். கம்பெனி வீடு."

"இந்தக் கடையும் என்னோடது இல்ல. சீனன் கடை. வாடகை. குடியிருக்கிறவன் விட்டாத்தான் உள்ள வரணும். நீதானே குடியிருக்க?"

"கிராணி வருவாரு..."

"அவன் கிராணியா?"

நான் ஆறின டீயை எடுத்துக் குடித்தேன்.

"கேக்குறேன். அவன் உங்க கிராணியா? உனக்குச் சம்பளம் குடுக்கிறவனா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் ஒதுங்கி நின்ன?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

கோர்ட்டு ஆளே வந்தாலும் படுக்கையை எடுக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டதாகவும் பாய் சொன்னார். "ஆனா அது எனக்குச் சரியாத் தெரியாது. தெரியாதத நம்பி நீ சண்டை போடாத. தெரிஞ்சத மட்டும் சொல்லு. பேப்பர் எங்கன்னு கேளு. அது போதும்."

கடையை மகனிடம் விட்டுவிட்டு என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். உள்ளே இருந்த மலாய்ப் போலீஸ்காரர் டிவி எப்படிப் போனது என்று கேட்டார். சொன்னேன். ரிமோட்டைக் கொடுத்ததைச் சொன்னபோது டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அதையும் அடித்தார். காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். பஸ்ஸில் அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். சந்தோஷம் ஒன்றும் இல்லை. போலீஸுக்குப் போன வீடு என்று ஆபிஸ் சொல்லுமோ என்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எடுத்தேன். இவருக்குக் கஞ்சி கொடுத்தேன். நேப்பாளியை எழுப்பி, "ஒருத்தன் வருவான். நீ வெளியே வராதே" என்றேன். அவனுக்கு வெளிநாட்டுக்காரர் பர்மிட்டில் வேலை. அவனுக்கு எதுவும் வரக்கூடாது. அவன் ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினான். ஆனால் சன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

இரண்டே காலுக்கு வேன் வந்தது. அவனும் இன்னொருத்தனும் இறங்கினார்கள். அவன் நேராக வாசலுக்கு வந்தான். வழக்கம் போல நான் ஒதுங்குவேன் என்று வேகத்தைக் குறைக்கவில்லை. என் மேல் இடிக்கிற தூரத்தில் நின்றான்.

உண்மையைச் சொல்கிறேன். என் கால் நகர்ந்தது. இடது கால் ஒரு சாண் சுவர்ப் பக்கம் போனது. கதவு நிலையைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"என்னக்கா, பாய் விரிச்சுட்டீங்களா?"

"பேப்பர் எங்க?"

"என்ன பேப்பர்?"

"கோர்ட்டுப் பேப்பர்."

அவன் கூட வந்தவனைப் பார்த்தான். கூட வந்தவன் ரோட்டைப் பார்த்தான்.

"யாருக்கா சொல்லிக் குடுத்தா?"

"பேப்பர் எங்க தம்பி?"

ஃபைலைத் திறந்து அதே கையெழுத்தைக் காட்டினான். "இது என்ன? உங்க வீட்டுக்காரர் கையெழுத்து தானே?"

"கையெழுத்து அவரோடதுதான். முத்திரை இல்ல."

"அக்கா, நல்ல மாதிரி சொல்றேன். சூசா பண்ணாதீங்க. நகருங்க."

"நகர மாட்டேன்."

"உங்க வீடா இது? கம்பெனி வீடு!"

"ஆமா. நான் குடியிருக்கேன்."

உள்ளே கட்டில் சத்தம் கேட்டது. இவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். எழுந்திருக்க முடியாது. கம்பியைப் பிடித்து ஆட்டுகிறார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வாசல் காலியாகிவிடும்.

அவன் ரோட்டுக்கு இறங்கிப் போய்க் கத்தினான். "எல்லாரும் கேளுங்க! இந்த வீட்டுல கடன் வாங்கிட்டு ஏமாத்துறாங்க! வெக்கம் கெட்டவங்க! சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவங்களா இவங்க!"

வங்காளதேசி ஒருத்தன் கதவைத் திறந்து பார்த்தான். இன்னொருத்தன் கொடியில் துணியை எடுத்துக்கொண்டே பார்த்தான். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. எங்களைப் போலத் தமிழ் பேசும், காது கேட்காத அம்மா கடைசி வீட்டு வாசலில் முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. அவமானப்படுத்தவும் அந்த லயத்தில் ஆள் மிச்சம் இல்லை.

அவனுக்கே அது தெரிந்துவிட்டது. மலாயில் ஆரம்பித்தான். பாதியில் விட்டுவிட்டான்.

நான் போலீஸ் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். கையில் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டே காட்டினேன். டிவியின் பெயர், சைஸ், ரிமோட் எல்லாம் அதில் இருந்தது. கூட வந்தவன் அதை எட்டிப் பார்த்து, "டேய், வா போலாம்" என்றான்.

"துரைகிட்டப் போறேன்" என்றான் அவன். "நாளைக்கு இந்த வீடு இருக்கான்னு பாருங்க."

"போங்க."

வேன் ஆபிஸ் பக்கம் திரும்பியது. கேட் பக்கம் திரும்பவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போனேன். இவர் தலையணையிலிருந்து சரிந்து கிடந்தார். வாயில் கஞ்சி வந்திருந்தது. துடைத்து, தூக்கி, கைப்பிடியைச் சுற்றினேன்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"எங்க?"

கஞ்சி பட்ட தலையணை உறையை உருவினேன்.

சனிக்கிழமை காலை ஃபேக்டரிக்கு ஆள் வந்தது. ஆபிஸில் துரை கூப்பிடுகிறார். துரை என்றால் எஸ்டேட் மேனேஜர்; சின்ன வயசு, ஈப்போக்காரர், தமிழர். கிராணி பக்கத்தில் நின்றார். எனக்கு நாற்காலி காட்டினார்கள். நான் நின்றேன்.

"நேத்து ஒரு ஆள் வந்தான். உங்க வீட்டுச் சாமான எடுக்கணும், எஸ்டேட் ஆள் ஒருத்தரை அனுப்புங்கன்னு கேட்டான்" என்றார் துரை.

கையில் இருந்த தேயிலைத் தூசியைச் சேலையில் துடைத்தேன்.

"நீங்க உள்ள விட்டீங்களா?"

"விடல."

"ஏன்?"

"கோர்ட்டுப் பேப்பர் இல்ல."

துரை கிராணியைப் பார்த்தார். கிராணி மேசையைப் பார்த்தார்.

"நானும் அதத்தான் அவன்கிட்ட கேட்டேன்" என்றார் துரை. "இது வேலை விஷயம் இல்ல. உங்க கடனுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா லயத்துல சத்தம் வேணாம். இனிமே உங்க பேரச் சொல்லி வர்ற ஆள, உங்களக் கேக்காம விடவேணாம்னு ஜாகாகிட்ட சொல்லிட்டேன்."

"சரிங்க."

"அந்த லெட்டர்..." என்று கிராணி ஆரம்பித்தார்.

"அத டிசம்பர்ல பாக்கலாம்" என்றார் துரை.

அவ்வளவுதான். நல்லது செய்தார்களா, கெட்டது செய்தார்களா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. சலிக்கிற இடத்துக்குத் திரும்பிப் போனேன். துரையைக் குறை சொல்ல மாட்டேன். டிசம்பர் என்ற சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஜாகா கூப்பிட்டார். கேட் பக்கத்துக் கொட்டகையில் என் டிவி இருந்தது. யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ரிமோட் இல்லை.

அதற்குப் பிறகு சரியான காகிதம் வந்தது. முத்திரையோடு வந்தது. தாப்பா கோர்ட்டுக்கு வரச் சொல்லி இவர் பெயரில். சட்ட உதவி ஆபிஸுக்குப் போனேன். ஒரு பெண் எனக்காக எழுதினார். கொழுந்தன் ஓடிப்போனதை எழுதினார். ரசீது இல்லாமல் நான் கொடுத்த நாலு மாசத்தையும் எழுதச் சொன்னேன். எழுதினார், ஆனால் தலையை ஆட்டினார். கோர்ட்டில் கடன் கம்பெனியின் வக்கீல் வெளியே பெஞ்சில் வந்து பேசினார். மரியாதையாகப் பேசினார். மாசம் என்னால் முடிகிற ஒரு தொகைக்குச் சம்மதித்தார்கள். உள்ளே போய் அதையே சொன்னோம். எழுதிக்கொண்டார்கள். மாசா மாசம் கட்டுகிறேன். ரசீதைப் பிஸ்கட் டின்னில் போடுகிறேன். என் ஆயுளுக்குள் அது கட்டித் தீராது. முடியும்வரை கட்டுவேன். டிசம்பரில் கடிதம் வந்தது. அடுத்த டிசம்பரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

கடன் கேட்டு யாரும் வருவதில்லை இப்போது. அதைத்தான் இவருக்கு விளங்க வைக்க முடியவில்லை.

கதவைப் பூட்டுகிறேன். ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி நேப்பாளியிடம். யார் கூப்பிட்டாலும் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன். முன்பு இவர் கிடந்தபடியே ரோட்டைப் பார்ப்பார். கொழுந்து லோரி போனால் இடது கையைத் தூக்குவார். ஓட்டுகிறவனும் ஹாரன் அடிப்பான். இப்போது காலை ஏழு மணியிலிருந்து நாலு மணிவரை மூடின கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். லோரி போனால் போர்வையை இழுத்துக்கொள்கிறார். திறந்து வைக்கட்டுமா என்று ஒரு ஞாயிறு கேட்டேன். "வேணாம்" என்றார். சன்னலையும் காட்டி "வேணாம்" என்றார்.

அரசாங்க கிளினிக்கிலிருந்து மாசம் ஒரு முறை நர்ஸ் வந்து இவரைப் பார்ப்பாள். பழைய நர்ஸ் மாறிப் போய்விட்டாள். போன மாசம் நான் லீவில் இருந்த ஒரு நாள் புதுசாக ஒரு மலாய்ப் பெண் வந்தாள். ஜாகா போன் போட்டுக் கேட்டார், விடலாம் என்றேன். வேன் நிற்கும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினாள். கதவுச் சங்கிலியை எடுக்காமல் கொஞ்சமாகத் திறந்தேன். தூறல். கையில் ஃபைல் இருந்தது. அதைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள்.

"கார்டு" என்றேன்.

"ஆண்டி, ஹூஜான் லா" என்றாள். மழை பெய்வது எனக்கும் தெரிந்தது.

"கார்டு."

கழுத்திலிருந்து கழற்றி இடுக்கில் நீட்டினாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பெயரை வாசித்தேன். கிளினிக் பெயரை வாசித்தேன். படத்தையும் முகத்தையும் பார்த்தேன். அதற்குள் அவள் தோள் நனைந்துவிட்டது. திறந்தேன். அவள் ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கோபம் இருந்தது, காட்டவில்லை.

இவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ரொம்ப ஏறியிருக்கிறது என்றாள். மாத்திரை கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். கொடுக்கிறேன். உப்புக் குறைத்தீர்களா? குறைத்தேன். எதையாவது பார்த்துப் பயந்தாரா என்று கேட்டாள்.

இவர் போர்வையைக் கழுத்துவரை பிடித்துக்கொண்டு அவள் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வேன் சத்தம்" என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்தி, இவர் கண் ஃபைலில் இருப்பதைப் பார்த்தாள். ஃபைலை மூடி, எழுந்துபோய் சமையற்கட்டு மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். பத்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் இவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மறுபடி பட்டையைச் சுற்றினாள். கொஞ்சம் இறங்கியிருந்தது. கொஞ்சம்தான்.